நேரில் வரச் சொன்னவர் திரையில் வந்தார்

"நேரில் வந்தால்தான் பேச வசதியாக இருக்கும்." அலுவலகக் கூட்டத்துக்கான அழைப்பில் இருந்த இந்த ஒரு வரிக்காக நேற்று போக 70, வர 70 என்று 140 கிலோமீட்டர் பைக் ஓட்டினேன். இலையுதிர் காலத்தில். அதுவும் இரவு முழுக்கப் பெய்த மழை ஓய்ந்த காலையில்.

போய்ச் சேர்ந்தால், அந்த வரியை எழுதிய மகராசன் திரையில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டிலிருந்து. "இன்னைக்குக் கொஞ்சம் குளிரா இருந்துச்சு, அதான்" என்கிறார்.

குளிரா? என்னிடமா குளிரைப் பற்றிப் பேசுகிறார்? வெளியே 10 டிகிரி. நடந்து போகிறவருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். அதே காற்றில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு அது 4 டிகிரி மாதிரிதான். முதலில் செத்துப்போவது விரல் நுனி. இருபதாவது நிமிடத்தில் கிளட்ச் பிடிக்கும் இரண்டு விரல்களும் என்னுடையவைதானா என்று சந்தேகமே வந்துவிட்டது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் குனிந்து, கையுறையோடு எஞ்சின் பக்கத்தில் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டேன். பக்கத்துக் காரில் ஹீட்டர் போட்டுக்கொண்டு இருந்தவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... சரி, விடுங்கள். (நீயும் காரில் போக வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு: கார் இல்லை.)

குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பருவத்துச் சூரியன் இருக்கிறதே, அது மேலே ஏறவே மாட்டேன் என்கிறது. சாலை முடியும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு நேராகக் கண்ணில் குத்துகிறது. அலுவலகம் கிழக்கே. அதனால் காலையில் போகும்போதும் முகத்தில், மாலையில் திரும்பும்போதும் முகத்தில். ஈரச் சாலை வேறு கண்ணாடி மாதிரி பளபளத்து, கீழேயிருந்தும் அடிக்கிறது. ஹெல்மெட் முன்கண்ணாடியிலோ என் மூச்சே ஆவியாகப் படிந்துவிட்டது. மூடினால் எதுவும் தெரியவில்லை. ஒரு விரற்கடை திறந்தால் குளிர்காற்று புகுந்து கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, அப்போதும் தெரியவில்லை. 80-ல் போகும்போது நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம். இரண்டு நொடி கண் கூசினால் 44 மீட்டர் குருட்டாம்போக்கு. எதற்காக? அறிக்கையின் மூன்றாம் பக்கத்துத் தலைப்பு நீலத்தில் இருக்கட்டுமா, பச்சையில் இருக்கட்டுமா என்று முடிவெடுக்க.

அப்புறம் இலை. மஞ்சளும் சிவப்புமாகப் படம் பிடித்துப் போட்டு உருகுகிறவர்கள் ஒரே ஒருமுறை ஈர இலை மேல் பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். மேலே காய்ந்த மாதிரிதான் தெரியும், அடியில் கூழாகக் கிடக்கும். குளிரில் டயரின் ரப்பரும் இறுகிப் பிடிப்புக் குறைந்து போயிருக்கும். வெப்பம் 10 டிகிரி இறங்கினால் டயரில் காற்றும் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இறங்கிவிடும் என்பதால் அதையும் விடியற்காலையில் எழுந்து சரி பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவ்வளவு பார்த்தும், மரங்கள் அடர்ந்த ஒரு வளைவில் பின்சக்கரம் ஒரு சாண் நழுவியது. கீழே விழவில்லை. ஆனால் வயிற்றில் ஒரு கல் விழுந்தது, அடுத்த பத்து கிலோமீட்டரும் அது அங்கேயே கிடந்தது. பயந்து வேகத்தைக் குறைத்தால் பின்னால் ஒருவர் விடாமல் ஹாரன் அடிக்கிறார். அவருக்கென்ன, நான்கு சக்கரம்.

அறைக்குள் நுழைந்தால் ஹெல்மெட்டை எங்கே வைப்பது, சொட்டும் ஜாக்கெட்டை எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை. என்னோடு சேர்த்து இரண்டே பேர்தான் நேரில் வந்திருந்தோம். மற்ற ஆறு பேரும் திரையில் கட்டம் கட்டமாக. "ஓ, பைக்கிலேயா வந்தீங்க? ஜாலிதான்!" என்றது ஒரு கட்டம். என் பூட்ஸ் அடியில் ஒட்டி வந்த இலை ஒன்று விரிப்பில் விழுந்து கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன்.

கூட்டம் 25 நிமிடம். அதில் முதல் பத்து "கேக்குதா? நீங்க மியூட்ல இருக்கீங்க." மிச்சம் பதினைந்தில் போன வாரம் மின்னஞ்சலில் பேசி முடித்ததையே திரும்ப அரைத்தார்கள். தலைப்பு நீலமாம். அதைச் சொல்ல நான் எதற்கு?

ஒன்று சொல்லிவிடுகிறேன், பைக் ஓட்டுவதில் எனக்குக் குறையே இல்லை. சும்மா சுற்ற வேண்டும் என்றால் இதே குளிரில், இதே இலையில் 300 கிலோமீட்டர் போவேன், ஒரு வார்த்தை புலம்ப மாட்டேன். நின்று நிதானமாகப் போவேன், வெயில் கண்ணில் அடித்தால் அது ஏறும் வரை ஓரமாக நிற்பேன். 9:30-க்கு அறையில் இருந்தாக வேண்டும் என்று யாரோ கழுத்தைப் பிடிக்கும்போதுதான் இந்தச் சாலை ஆளைக் கொல்லப் பார்க்கிறது.

வீட்டுக்கு வந்து கையுறையைப் பிழிந்து காயப்போடும்போது போன் சிணுங்கியது. அடுத்த மாதமும் ஒரு கூட்டமாம், அதே அறை, அதே 9:30. கீழே அதே வரி: "நேரில் வந்தால் நல்லது." இன்னும் பதில் அனுப்பவில்லை. நேற்று முழுக்க ஈரத்தில் ஓடிய செயினில் துரு ஏறுவதற்குள் துடைத்து எண்ணெய் போட வேண்டும், அதற்கப்புறம்தான் அவர்.