பச்சைப் புள்ளி, பச்சைப் பொய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் மின்சாரக் கார் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் வழியில் இருக்கும் சார்ஜர்கள் மீதுதான். "மின்சாரக் கார் வாங்கினால் இப்படித்தான்" என்று ஆரம்பிக்கும் உறவினர்கள் வேறு திண்ணை பார்த்துக்கொள்ளவும். அந்தப் பாட்டை மூன்று நாளாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 620 கிலோமீட்டர். நான், மனைவி, மகள், அப்பா, அம்மா. விளம்பரத் தாளில் ஒரு சார்ஜுக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் போட்டிருந்தாலும், ஐந்து பேரும் ஏசியும் 100 கிலோமீட்டர் வேகமும் சேர்ந்தால் 260 ஓடினாலே அதிகம் என்று எனக்குத் தெரியும். அதனால் உளுந்தூர்ப்பேட்டை, திருச்சி, மதுரை என்று எங்கெங்கே சார்ஜ் போடுவது என எழுதி வைத்துக்கொண்டுதான் அதிகாலை நாலரைக்கு வண்டியை எடுத்தேன்.

உளுந்தூர்ப்பேட்டையில் பேட்டரியில் 24 சதவீதம் மிச்சம். அங்கே ஓர் உணவகத்து வாசலில் இருக்கும் சார்ஜர், சார்ஜிங் நிறுவனத்தின் செயலியில் பச்சைப் புள்ளியாக, அதாவது வேலை செய்கிறது என்று, மின்னிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் திரை இருட்டு. காரில் செருகும் கைப்பிடியில் சிலந்தி வலை. "நாலு நாளாக ஓடவில்லை சார், எழுதிக் கொடுத்திருக்கிறோம்" என்றார் காவலாளி. நாலு நாளில் அவ்வளவு வலை பின்னும் சிலந்தி எந்த ஊர்ச் சிலந்தியோ! உதவி எண்ணுக்கு அழைத்தேன். பதினொரு நிமிடம் இசை கேட்க வைத்துவிட்டு, "இயந்திரத்தின் எண்ணைச் சொல்லுங்கள்" என்றார்கள். அந்த எண் எங்கே வரும்? செத்துக் கிடக்கும் அதே திரையில்தான் வரும்!

நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் இருக்க வேண்டும் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018-லேயே வழிகாட்டுதல் போட்டது. சரி, இயந்திரத்தை நட்டுவிட்டார்கள். நட்டதை யார் போய்ப் பார்க்கிறார்கள்? நட்ட அன்றைக்கு ரிப்பன் வெட்டிப் படம் எடுத்தவர்கள், அடுத்த மாதம் அந்த வழியாக ஒருமுறையாவது தங்கள் காரில் போயிருப்பார்களா?

அடுத்த புள்ளி தொழுதூர் தாண்டி, ஐம்பத்தைந்து கிலோமீட்டரில். ஏசியை நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கினால் காற்று உள்ளே புகுந்து இழுவை கூடும் என்று அதையும் பாதிதான் இறக்கினேன். மே மாதம், காலை ஒன்பதரை மணி. அறுபதுக்கு மேல் மிதிக்கவில்லை. செங்கல் லாரி எங்களை முந்திக்கொண்டு போனது. அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து ஐசியு வாசலில் நிற்பவர்போல "பதினேழு... பதினாறு..." என்று எண்ணிக்கொண்டே வந்தார். அம்மா கந்த சஷ்டி கவசத்தை இரண்டாம் சுற்று ஆரம்பித்துவிட்டார்.

7 சதவீதத்தில் போய்ச் சேர்ந்தோம். இயந்திரம் வேலை செய்கிறது! ஆனால் அதன் முன்னால் ஒரு டீசல் வண்டி நிற்கிறது. நிழலாக இருந்ததாம். ஓட்டுநர் பொங்கல் சாப்பிட்டு, காபி குடித்து, கை துடைத்து வரும்வரை நாங்கள் வெயிலில் நின்றோம்.

அதோடு முடிந்ததா? அது வேறு நிறுவனம், ஆகவே வேறு செயலி. என் கைப்பேசியில் ஏற்கெனவே ஐந்து இருக்கின்றன, இது ஆறாவது. பெயர், மின்னஞ்சல், வண்டி எண் எல்லாம் கொடுத்த பிறகு ஓடிபி வரவில்லை, ஏனென்றால் அங்கே சிக்னல் ஒரு கோடுதான். வந்ததும், குறைந்தது 500 ரூபாய் முன்பணம் போட வேண்டும் என்றது. பெட்ரோல் பங்கில் எவராவது முதலில் உறுப்பினராகு, பிறகு பெட்ரோல் தருகிறேன் என்பாரா? இளநீர் வண்டியில்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது ஐயா! ஏற்றியதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியோடு 410 ரூபாய் போனது. மீதி 90 ரூபாய் அந்தச் செயலிக்குள்ளேயே கிடக்கும், நான் மறுபடி தொழுதூர் போகும்வரை. இப்படி ஆறு செயலிகளிலும் என் சில்லறை சிறைப்பட்டிருக்கிறது.

தோசை வந்து முதல் விள்ளலைப் பிய்த்தபோது "சார்ஜிங் நின்றுவிட்டது" என்று செய்தி. ஓடினேன். மறுபடி ஆரம்பித்துவிட்டுத் திரும்பினால் தோசை ஆறிப்போய்த் தோல்போல் கிடந்தது.

திருச்சியையும் மதுரையையும் சொன்னால் எனக்கே அலுக்கும். எப்போதும்போல் ஒன்று ஓடியது, ஒன்று ஓடவில்லை. ஊருக்குப் போய்ச் சேரும்போது இரவு ஒன்பதே முக்கால்.

மாமா வீட்டிலாவது நிம்மதி என்று கிரைண்டர் போடும் 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினேன். சிவப்பு விளக்கு. பழைய வீடு, எர்த் சரியில்லை, எர்த் இல்லாமல் சார்ஜர் மின்சாரத்தை எடுக்காது. மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து புதிதாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த் போட்டுத் தந்தார். மாமாவுக்கு ஒரே சிரிப்பு. "கொடைக்குக் கால்நாட்டுவார்கள் மருமகனே, நீ காருக்கு நாட்டுகிறாய்!"

நாளை மறுநாள் திரும்ப வேண்டும். அம்மா தனக்கும் அப்பாவுக்கும் நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டார். காத்திருப்போர் பட்டியலில் 41, 42. "பரவாயில்லை, இதுவாவது நகரும்" என்கிறார்.