புயல் ஓய்ந்தால் பனிச்சரிவு வராதா?

காஷ்மீரிலுள்ள குல்மார்க்குக்குப் பனிச்சறுக்கப் போகிறவர்களுக்கு என்று ஒரு தகவல் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. “பனிப்புயல் ஓய்ந்து வெயில் வந்துவிட்டால் பயமில்லை, சத்தம் போடாமல் சறுக்கினால் பனிச்சரிவு வராது” என்கிறது அது. இரண்டுமே தவறு.

காற்று நின்ற பிறகும் கடல் அடங்காது என்று குளச்சல்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பனியும் அப்படித்தான். புயலுக்குப் பிந்தைய 24 முதல் 48 மணி நேரம் மிக ஆபத்தானது. புதுப்பனியின் பாரத்தை அடியிலுள்ள பலவீனமான அடுக்கு தாங்காது. பனிச்சரிவைக் கிளப்புவது கூச்சல் அல்ல, பல சமயம் சறுக்குபவரின் எடைதான். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த மலைப்பக்கங்களில்தான் பெரும்பாலும் பனிச்சரிவு நடக்கிறது. காலடியில் ‘வும்ப்’ என்று பனி அமுங்கினாலோ, விரிசல் ஓடினாலோ உடனே திரும்பிவிட வேண்டும். 2023 பிப்ரவரியில் குல்மார்க்கின் அஃபர்வட் மலையில் போலந்துக்காரர்கள் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள்.

சண்டிகரிலுள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் குளிர்காலத்தில் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள். நம் பிள்ளைகள் போகிற இடம் அது. அந்த வாட்ஸ்அப் தகவலைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.