பதிவேட்டில் ஏறாத பொது நிலம் யாருடையது?

மேய்ச்சல் நிலம், காடு, ஊர்ப் பொது நிலம் என்று பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "முதலில் அதைப் பதிவு பண்ணச் சொல்லுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அபிவிருத்திக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், சமூக ஆர்வலர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், நிலத்தின் மேல் கண் வைத்திருக்கும் கம்பெனிகளும் இதையேதான் சொல்கின்றன. மூன்று பேரும் ஒரே குரலில் பேசினால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். ஆனால் இது சம்பந்தமாக ஒரு சட்டம் கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது வேறு ஒன்று: இன்னும் பதிவாகாத நிலத்தை அந்தச் சட்டம் என்ன செய்கிறது? உரிமை ஏற்கெனவே இருக்கிறது, பதிவு அதற்கு ஒரு சான்று மட்டும் என்கிறதா, இல்லை பதிவு செய்தால்தான் உரிமையே உண்டு என்கிறதா? கேட்க ரெண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ரெண்டாவது வகைக்கு இங்கிலாந்தைப் பாருங்கள். 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட மசோதாக்களைக் கொண்டுவந்து சுமார் 68 லட்சம் ஏக்கர் பொது நிலத்தை வேலி போட்டு அடைத்த நாடு அது. மிஞ்சியதையாவது காப்பாற்றுவோம் என்று 1965-இல் ஒரு பொது நிலப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தார்கள். நோக்கத்தில் பழுதே இல்லை. எது பொது நிலம், யார் அதில் எத்தனை ஆடு மாடு மேய்க்கலாம், யார் விறகு எடுக்கலாம் என்பதையெல்லாம் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1970 ஜனவரி 2. அந்த ஆண்டு ஜூலை 31 தாண்டினால், பதிவேட்டில் இல்லாத உரிமையை யாரும் பயன்படுத்த முடியாது. பாட்டன் காலத்திலிருந்து ஆடு ஓட்டிப்போன மலையாக இருந்தாலும் சரி, விண்ணப்பம் போடாதவனுக்கு முதலுக்கே மோசம். இன்னொரு பக்கம், கெட்டிக்காரர்கள் தங்களிடம் இல்லாத ஆடுகளையெல்லாம் சேர்த்து எண்ணிக்கையை ஏற்றி எழுதினார்கள். குறித்த காலத்துக்குள் யாரும் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் அதுவே இறுதி. இப்படிச் சில மலைகளில், அந்த மலை தாங்கக்கூடியதைவிட அதிகமான ஆடுகள் காகிதத்தில் மேய ஆரம்பித்தன. இதில் சிலதைச் சரிசெய்ய 2006-இல் இன்னொரு சட்டம் போட வேண்டி வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த, தபால் ஒழுங்காகப் போய்ச் சேருகிற, வக்கீலுக்குப் பஞ்சமில்லாத ஒரு நாட்டின் கதை இது. சாலையே போகாத ஒரு மலைக்கிராமத்துக்கு இதே மாதிரி ஒரு கெடு வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மொசாம்பிக் இதற்கு நேர் எதிரான வழியை எடுத்தது. 1992-இல் உள்நாட்டுப் போர் முடிந்து லட்சக்கணக்கானவர்கள் ஊர் திரும்பியபோது யாரிடமும் காகிதம் இல்லை. 1997 நிலச் சட்டத்தை எழுதியவர்கள் இதை மனதில் வைத்தே எழுதினார்கள் என்று நினைக்கிறேன். நிலம் முழுக்க அரசுக்குச் சொந்தம் என்பதை அவர்கள் மாற்றவில்லை. ஆனால் ஒரு சமூகம் தன் வழக்கப்படி அனுபோகத்தில் வைத்திருக்கும் நிலத்தில் அதற்குப் பயன்பாட்டு உரிமை உண்டு, அந்த உரிமை பதிவாகாமல் இருப்பதாலேயே கெட்டுப்போகாது, ஊர்க்காரர்களின் வாய்மொழி சாட்சியமே போதிய ஆதாரம் என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். எல்லை குறித்துப் பதிவு செய்துகொள்ளலாம், செய்யாவிட்டால் உரிமை போய்விடாது. டான்சானியாவின் 1999 கிராம நிலச் சட்டமும் வழக்காற்று உரிமைக்கு, அரசு எழுதிக் கொடுத்த உரிமைக்குச் சமமான மதிப்பைத் தருகிறது.

சரி, அங்கீகாரம் மட்டும் போதுமா என்றால் போதாது. பதிவாகாத நிலம் தலைநகரத்தில் இருப்பவரின் வரைபடத்தில் வெறும் வெள்ளையாகத் தெரியும். கரும்புத் தோட்டத்துக்கோ சுரங்கத்துக்கோ இடம் தேடுபவரின் கண் அந்த வெள்ளையில்தான் போய் விழும். மொசாம்பிக் சட்டப்படி முதலீட்டாளர் ஊரைக் கலந்துபேச வேண்டும், ஆனால் ஒரு மத்தியானக் கூட்டத்தில் நாலு பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலந்து பேசியாயிற்று என்று கோப்பை மூடிய கதைகள் அங்கேயும் உண்டு. அதனால்தான் வரைபடமும் பதிவும் வேண்டும் என்கிறேன்.

அடுத்த கேள்வி, பதிவேட்டில் யார் பேர்? பாதி அழிவு இங்கேதான் நடந்திருக்கிறது.

நியூசிலாந்தில் 1865-ஆம் ஆண்டு பூர்வகுடி நிலச் சட்டத்தின் கீழ், 5,000 ஏக்கருக்குக் குறைந்த நிலமென்றால் உரிமைப் பத்திரத்தில் அதிகபட்சம் பத்துப் பேர் பெயர்தான் எழுதலாம் என்று வைத்தார்கள். மாவோரி மக்களைப் பொறுத்தவரை அந்தப் பத்துப் பேரும் குலத்துக்காக நிலத்தைப் பார்த்துக்கொள்பவர்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் முழு உரிமையாளர்கள். மளிகைக் கடனுக்கும் அளவைக் கட்டணத்துக்கும் அந்தப் பத்துப் பேரில் ஒவ்வொருவராக மடக்கி நிலத்தை வாங்கிவிடலாம், மீதிப் பேர் வாயடைத்து நிற்க வேண்டியதுதான். திருட்டு இல்லை, ஆக்கிரமிப்பு இல்லை, எல்லாம் முறைப்படி நடந்த கிரயம்!

அமெரிக்காவில் 1887-இல் வந்த டாஸ் சட்டம் இன்னும் நேரடியானது. பழங்குடிப் பொது நிலத்தைக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, மிஞ்சியது உபரி என்று சொல்லி வெளியாருக்குத் திறந்துவிட்டது. 1887-இல் 13.8 கோடி ஏக்கராக இருந்த நிலம் 1934-க்குள் 4.8 கோடிக்கு வந்துவிட்டது. கென்யாவில் 1968-இல் மசாய் என்ற மேய்ப்பர் இனத்தின் மேய்ச்சல் நிலங்களைக் குழுப் பண்ணைகளாகப் பதிந்தபோதும் மூன்று முதல் பத்துப் பிரதிநிதிகள் பெயரில்தான் பதிந்தார்கள். பின்னாளில் பல பண்ணைகள் துண்டு துண்டாகப் பிரிந்து தனித்தனிப் பட்டாவாகி, விற்பனைக்கும் போயின.

ஆகவே பத்திரத்தில் சமூகத்தின் பெயர் இருக்க வேண்டும், அந்தச் சமூகத்துக்குச் சட்டப்படி ஒரு உருவம் இருக்க வேண்டும், முடிவெடுக்க வேண்டியது தலைவரோ கமிட்டியோ இல்லை, வயது வந்த எல்லோரும் இருக்கும் சபை. கென்யாவே இதை 2016 சமூக நிலச் சட்டத்தில் ஓரளவு திருத்திக்கொண்டது: வயது வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்த பேரவை, அது தேர்ந்தெடுக்கும் 7 முதல் 15 பேர் கொண்ட நிர்வாகக் குழு. இந்தியாவின் 2006 வன உரிமைச் சட்டத்திலும் கோரிக்கை கிராம சபையிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவுக்குச் சுரங்கம் வேண்டுமா என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் கிராம சபைகளிடமே விட்டபோது, கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்று சொன்னதற்குப் பின்னால் இந்தச் சட்டம் இருந்தது. ஆனால் அதே சட்டத்தில் அதிகாரிகள் தனிநபர் பட்டாவைத்தான் அதிகம் கொடுத்தார்கள், சமூக வன உரிமை என்றால் பேனா நகர மறுக்கிறது. தனிநபர் பட்டா கொடுத்தால் ஒரு குடும்பம் நன்றி சொல்லிப் போய்விடும், ஒரு காட்டை ஊருக்கு எழுதிக்கொடுத்தால் நாளைக்கு அந்த ஊர் கேள்வி கேட்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

"பொதுச் சொத்து என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆளாளுக்குச் சுரண்டிவிடுவார்கள்" என்ற வாதம் கண்டிப்பாக வரும். 1968-இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது அது. அவர் விவரித்தது யாருக்கும் எந்த விதியும் இல்லாத நிலத்தை, பின்னாளில் அவரே நிர்வாகமில்லாத பொது நிலத்தைத்தான் சொன்னேன் என்று திருத்திக்கொண்டார். ஊர்ப் பொது நிலம் அப்படிக் கிடப்பதில்லை. சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517-இலேயே எழுதி வைத்த விதி ஒன்று உண்டு: குளிர்காலம் முழுக்க உன் தொழுவத்தில் தீனி போட்டு வளர்க்க முடிந்த மாடுகளைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். சந்தையில் பத்து மாடு வாங்கி மலையில் விட்டுக் கொழுக்க வைத்து விற்கும் வேலை நடக்காது. எலினோர் ஆஸ்ட்ரோம் இந்த மாதிரி விதிகளை உலகெங்கும் தேடிப் படித்து எழுதினார், 2009-இல் பொருளாதார நோபல் வாங்கினார். அதற்குப் பிறகும் அதே பழைய பாட்டைப் பாடுகிறவர்களுக்கு என்ன சொல்வது?

எல்லை குறிக்கிற வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அது மூன்று நாள் வேலையாகத் தெரிகிறது. பெரியவர் ஒருவர் முன்னால் நடக்கிறார், பின்னால் ஜிபிஎஸ் கருவியோடு பையன்கள். ஓடைக்கரைக்கு வந்ததும் பக்கத்து ஊர்க்காரர் நிறுத்துகிறார்: ஓடை உங்களுடையதுதான், ஆனால் கோடையில் எங்கள் மாடு இங்கேதான் தண்ணி குடிக்கும், அந்தக் கரையில் இருக்கும் மரத்தின் காய் எங்களுடையது. நேற்று வரை இதில் சண்டையே இல்லை. கோடு போட வந்ததும், கோட்டின் எந்தப் பக்கம் என்று கேட்டதும், சண்டை ஆரம்பிக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் வந்துபோகும் மேய்ப்பர்கள் அன்றைக்கு அங்கே இருக்கவே மாட்டார்கள். விறகும் மூலிகையும் எடுக்கப் போகிற பெண்களை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். படிவத்தில் உரிமையாளர் என்று ஒரே ஒரு கட்டம் இருந்தால் இவ்வளவு பேரும் அதற்குள் அடங்க மாட்டார்கள், கடந்துபோகிற உரிமை, தண்ணீர் உரிமை, பருவகால உரிமை எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் இடம் இருக்க வேண்டும். அவசரப்பட்டு இதைச் செய்வதைவிட ஒரு வருஷம் தள்ளிச் செய்யலாம். ஆனால் அப்படித் தள்ளிப்போட, பதிவில்லாத காலத்திலும் உரிமை செல்லும் என்று சட்டம் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம், பதிவு என்பது உடனே நடக்கிற காரியமும் இல்லை. நிகரகுவாவில் மயங்னா மக்களின் அவாஸ் திங்னி சமூகத்தின் காட்டில் மரம் வெட்ட அரசு ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது. வழக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2001 ஆகஸ்டில் சமூகம் ஜெயித்தது, எல்லை குறித்துப் பத்திரம் கொடு என்று தீர்ப்பு. பத்திரம் கைக்கு வந்தது 2008 டிசம்பரில். அதற்குள்ளும் அதற்குப் பிறகும் வெளியிலிருந்து வந்து குடியேறுகிறவர்கள் நிற்கவில்லை, பத்திரத்தைச் சுருட்டி அவர்களிடம் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை, அரசு வந்து அவர்களை வெளியேற்ற வேண்டும். இந்தோனேசியாவில் வழக்காற்றுக் காடு அரசுக் காடு அல்ல என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2013 மே மாதம் தீர்ப்புச் சொன்னது, முதல் ஒன்பது சமூகங்களுக்குக் காடு கைமாறியது 2016 டிசம்பர் கடைசியில், எல்லாம் சேர்த்துச் சுமார் 13,000 ஹெக்டேர். அங்கே உள்ளூர் அரசு முதலில் "நீங்கள் ஒரு சமூகம்தான்" என்று ஆணை போட்டுத்தர வேண்டும். நூற்றாண்டுகளாக அங்கேயே இருப்பவர்கள் தாங்கள் இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது, நேற்று வந்த கம்பெனிக்கு ஒரு அனுமதிக் கடிதம் போதும்.

ரைட்ஸ் அண்ட் ரிசோர்சஸ் இனிஷியேட்டிவ் என்ற நில உரிமைக் கூட்டமைப்பு 2015-இல் 64 நாடுகளை எடுத்துப் பார்த்தபோது, சமூகங்களின் உடைமை என்று சட்டம் ஏற்றுக்கொண்டது அந்த நாடுகளின் நிலத்தில் பத்தில் ஒரு பங்குதான், வழக்கப்படி அவர்கள் வைத்திருப்பதோ அதைவிடப் பல மடங்கு. இந்த இடைவெளியைப் பதிவால் மட்டும் அடைக்கப் பல தலைமுறை ஆகும். அதுவரைக்கும்?

கென்யச் சட்டத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. பதிவாகாத சமூக நிலத்தைக் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அரசு அறங்காவலராக வைத்திருக்கும், ஆனால் அதை விற்கவோ கைமாற்றவோ கூடாது. அந்த நிலத்துக்கு இழப்பீடு வந்தால் வட்டி கிடைக்கும் தனிக் கணக்கில் போட்டு, பதிவானதும் சமூகத்திடம் கொடுத்துவிட வேண்டும். எழுத்தில் அருமை. ஆனால் அந்தப் பணம் வெளியே வருவதும் பதிவு முடிவதைப் பொறுத்தது, பதிவை முடிக்க வேண்டியதோ அரசு அலுவலகம். எனக்கு இதில் ஒரு சின்னப் பிரிவு கூடுதலாக வேண்டும்: ஊர் கூடி, பக்கத்து ஊர்களும் ஒப்புக்கொண்டு போட்ட வரைபடத்தைக் கொடுத்த பிறகு, குறித்த காலத்துக்குள் அலுவலகம் தன் வேலையை முடிக்காவிட்டால், அந்த வரைபடமே தற்காலிகப் பதிவாகச் செல்ல வேண்டும். அதைத் தப்பு என்று சொல்கிறவர் ஆதாரத்தோடு நீதிமன்றத்துக்குப் போகட்டும்.