அந்தக் கைதட்டலில் என் கையும் இருக்கிறது

எங்களிடம் துணி வாங்கும் ஒரு பிராண்டு பசுமை பற்றி நடத்திய கூட்டத்தின் வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். திருப்பூரில் சாயப்பட்டறை நடத்துகிறவன் நான். எனக்கே இதுவரை ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். "நீடித்த வளர்ச்சி என்றால் என்னவென்று திருப்பூருக்கு நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம்" என்று மேடையில் அந்த பிராண்டுக் கனவான் சொன்னதும் ஒரு கைதட்டல் கேட்கிறதே, அதில் நானும் உண்டு. மூன்றாவது வரிசை. பழக்கதோஷம், நாலு பேர் தட்டினால் நம் கையும் தானாக எழும்பிவிடுகிறது. வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதுதான் அவர் என்ன சொன்னார் என்பதே உறைத்தது.

கற்றுக்கொடுத்தார்களாம்.

சாயக் கழிவு ஆற்றில் போவது நிற்கவில்லை என்று 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் சேர்த்துத்தான். அன்றைக்கு எந்த பிராண்டும் வந்து எங்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. ஆர்டரை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனார்கள், அவ்வளவுதான். அது அவர்கள் வியாபாரம், தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் திரும்பி வந்து வாத்தியார் வேஷம் போடக்கூடாது.

கழிவு வெளியே போகாமல் நிறுத்தும் வேலையைச் சேர்ந்து செய்தது நாங்கள். இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப்போகிறேன், சலித்தால் தாண்டிப் போங்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். சாயத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரிவது நிறம். ஆற்றையும் கிணற்றையும் கொன்றது உப்பு. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பைக் கொட்டியே ஆகவேண்டும். பழைய சுத்திகரிப்பில் நிறம் குறையும், உப்பு அப்படியே போகும். அதை நிறுத்த வேண்டுமானால் கழிவை ஆர்.ஓ.வில், அதாவது உப்பைப் பிரிக்கும் வடிகட்டியில், ஏற்றவேண்டும். அதில் மிஞ்சுகிற அடர்த்தியான உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்ச வேண்டும். உப்பைப் பிரித்தெடுத்து, தண்ணீரைத் திரும்பவும் சாயத்துக்கே கொண்டுவர வேண்டும். வெளியே ஒரு சொட்டு விடக்கூடாது. நாலு மெஷின் வைத்து அடுத்தவர் துணிக்குக் கூலிக்குச் சாயம் போட்டு ஜாப் ஒர்க் ஓட்டுகிறவன் இதைத் தனியாகப் போட வேண்டுமென்றால் பட்டறையை விற்றாலும் பத்தாது. அதனால்தான் பொது நிலையம். நூறு பட்டறையானாலும் ஒரே குழாய், ஆளுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு மீட்டர், இவ்வளவு தண்ணீர்தான் அனுப்பலாம் என்று ஆளுக்கு ஓர் அளவு.

சேர்ந்து என்றால் ஏதோ தோளில் கைபோட்டுக்கொண்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஆர்டருக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துச் சொல்லி ஒருவர் வயிற்றில் ஒருவர் அடித்தவர்கள் நாங்கள். அதே ஆட்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, யார் மீட்டர் பொய் சொல்கிறது, யார் பங்குப் பணம் கட்டவில்லை என்று ராத்திரி பதினொரு மணி வரை கத்தினோம். மறுநாள் கட்டினோம். மாதாமாதம் இன்றைக்கும் கட்டுகிறோம். இதை எந்த மேடையிலாவது யாராவது சொன்னதுண்டா?

"ஆற்றைக் கெடுத்ததே நீங்கள்தானே" என்று ஒருவர் இந்நேரம் டைப் செய்துகொண்டிருப்பார். ஆமாம், நாங்கள்தான். எனக்கு நீங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. என் சொந்த மாமா ஒருவருக்கு ஒரத்துப்பாளையம் பக்கம் தோட்டம். எங்கள் ஊர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் அங்கே அணை கட்டியது பாசனத்துக்கு, அதில் தேங்கி நின்றது எங்கள் கழிவு. ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்து, சத்தம் கூட உயர்த்தாமல், "உங்க பட்டறைத் தண்ணிதான் மாப்ள எங்க கெணத்துல நிக்குது" என்றார். சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்கள் ரசத்தில் மும்முரமாகிவிட்டார்கள். அந்த இலையை நான் எப்படி மூடி எழுந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அவர் தோட்டத்துத் தென்னைகளைப் பார்த்தவன் நான். அதனால் தயவுசெய்து எனக்கு நொய்யலைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டாம்.

"கோர்ட்டு அடித்ததால் செய்தீர்கள்" என்பது அடுத்தது. சரி, அடிவாங்கித்தான் செய்தோம். கழிவு வெளியேறாமல் செய்ய 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் கெடு கொடுத்தது, அதையும் தாண்டிவிட்டுத்தான் 2011இல் மாட்டினோம். அடிவாங்காமல் திருந்திய ஒரு தொழிலைக் காட்டுங்கள், வந்து காலில் விழுகிறேன். "அரசாங்கம் பணம் கொடுத்ததே" என்பார்கள். 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. கடன் ஐயா, கடன். வட்டி இல்லை என்றால் அசலும் இல்லை என்று அர்த்தமா?

மழை பெய்யும் ராத்திரியில் திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடுகிறவர்களைப் பற்றிக் கேட்பீர்கள். அவர்களைப் பிடித்து உள்ளே போடுங்கள், நானே சாட்சி சொல்ல வருகிறேன். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

பிராண்டுகள் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தார்கள். எந்த ரசாயனம் கூடாது என்று பட்டியல் கொடுத்தார்கள், ஆடிட் வைத்தார்கள். அசோ என்கிற சாய வகையில் தடைசெய்தவை போனதில் அவர்கள் கெடுபிடிக்குப் பங்கு உண்டு. அதற்கு மார்க் போடலாம். ஆனால் அந்த ஆடிட்டுக்கும் பெரும்பாலும் பணம் கட்டுவது நாங்கள்தான் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். எவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும், அதற்கு விறகோ நிலக்கரியோ எரிக்கவேண்டும். பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கிறது. அதை என்ன செய்வதென்று எங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு வாத்தியாரும் வரவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். மேலே பச்சை மரம் படம். பை என்ன பை தெரியுமா? நான்-ஓவன், துணி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடைசெய்த சங்கதி. பனியன் ஊரில், துணிக்குப் பஞ்சமே இல்லாத ஊரில், பிளாஸ்டிக் பையில் போட்டுப் பசுமையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். சிரிக்கக்கூடத் தோன்றவில்லை.

மூடியிருந்த அந்த மாதங்களில் அப்பா தினமும் காலை எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போவார். கரண்ட் கிடையாது, ஆளும் கிடையாது. வடக்கேயிருந்து வந்த பையன்களெல்லாம் ரயிலேறிவிட்டார்கள். ஆறிப்போன பாய்லர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு மதியம் வருவார். "எதுக்குப்பா போறீங்க" என்று ஒரு நாள் கேட்டேன். "வீட்ல இருந்தா உங்கம்மா மூஞ்சியப் பாக்க முடியலடா" என்றார். பொது நிலையத்துக்குப் பங்குப் பணம் கட்ட அவர் வாங்கிய கடனில் கடைசித் தவணையை அவர் போன பிறகு நான்தான் கட்டினேன். அவருக்குக் கற்றுக்கொடுத்தார்களாம்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மெயில் வந்திருக்கிறது. அதே நிறுவனம்தான். அடுத்த சீசனுக்குச் சாயக்கூலியைக் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். கீழே சின்ன எழுத்தில், மரங்களைக் காப்போம், இந்த மெயிலை அச்செடுக்காதீர்கள் என்று ஒரு வரி.

இதைப் பதிவிட இருந்த நேரத்தில் ஒரத்துப்பாளையத்து மாமா கூப்பிட்டார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, பேரன் போனில் வீடியோவெல்லாம் பார்க்கிறார். ஊர் விஷயம், மழை விஷயம் எல்லாம் பேசிவிட்டு, வைக்கும்போது சொன்னார்: "அந்தக் கூட்டத்தப் பாத்தேன் மாப்ள. நீங்களும் கை தட்டுறீங்களாட்ட இருக்குது."