டர்போவும் சூப்பர்சார்ஜரும்: எத்தனை குதிரைசக்தி என்று கேட்காதீர்கள்

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, சூப்பர்சார்ஜர் இரண்டையும் ஒரே எஞ்சினில் மாட்டிய கார் வீடியோ எங்கே வந்தாலும் முதல் கேள்வி "எத்தனை குதிரைசக்தி?" என்பதுதான். எனக்கு அந்தக் கேள்வி மேல் தீராத வருத்தம் உண்டு. பெரிய எண்தான் வேண்டும் என்றால் பெரிய டர்போ ஒன்று போதும். வேலையும் மிச்சம், உடையக்கூடிய சாமானும் குறைவு.

டர்போ ஓடுவது எஞ்சின் வெளியே தள்ளும் புகையில். ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை, குறைவாக இருக்கையில் அதைச் சுற்றிவிடப் புகை பற்றாது, மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சூப்பர்சார்ஜர் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கிலிருந்து பெல்ட்டில் ஓடுவதால் மிதித்த கணமே காற்றைத் தள்ளும். ஆனால் அதைச் சுற்றும் சக்தியை எஞ்சினே கொடுக்க வேண்டும், வேகம் ஏற ஏற அந்தக் கப்பமும் ஏறும். ஆகவே கீழே சூப்பர்சார்ஜர், மேலே டர்போ. கைமாறுவது ஓட்டுகிறவர் காலுக்குத் தெரியக் கூடாது. அந்தக் கைமாற்றத்துக்குத்தான் இவ்வளவு பாடும்.

1985-ல் லான்சியா டெல்டா எஸ்4 இதைத்தான் செய்தது. 1.8 லிட்டர் கூட முழுதாக இல்லாத நாலு சிலிண்டர் எஞ்சின். ராலியில் வளைவுக்கு வளைவு காலை எடுத்து மிதிக்க வேண்டும், டர்போ விழிக்கும்வரை காத்திருந்தால் அடுத்த வளைவே வந்துவிடும். அந்த ஆண்டு பிரிட்டனின் ஆர்ஏசி ராலியில் களமிறங்கிய முதல் தடவையே ஹென்றி டொய்வோனன் அதில் ஜெயித்தார். அடுத்த மே மாதம் கார்சிகாவில் அதே ரகக் காரில் அவரும் கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் உயிரிழந்தார்கள். அந்தக் காரின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதுவும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

சாலைக் கார்களில் என் மனசுக்குப் பிடித்தது 2005-ல் ஃபோக்ஸ்வேகன் கொண்டுவந்த 1.4 லிட்டர் எஞ்சின். 170 குதிரைசக்தி என்பதைவிட, 240 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் இழுவை) 1750 ஆர்பிஎம்மிலேயே கிடைத்ததுதான் பெரிய விஷயம். டர்போ தனியாகத் தாங்கும் நிலை வந்ததும் காந்த கிளட்ச் சூப்பர்சார்ஜரைக் கழற்றிவிடும்.

சொந்தமாகச் செய்கிறவர்கள் சறுக்கும் இடம் கணக்கு. டர்போ தனியாக 1 பார் பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தம்), சூப்பர்சார்ஜர் தனியாக அரை பார் என்றால், ஒன்றின் காற்றை இன்னொன்று வாங்கி அழுத்தும்போது ஒன்றரை பார் வரும் என்று கூட்டிவிடுகிறார்கள். கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். வெளிக்காற்றைப் போல் 2 மடங்கு, அதன் மேல் 1.5 மடங்கு, ஆக 3 மடங்கு. மீட்டரில் அது 2 பார்! ஒன்றரைக்குத் தயார் செய்த பிஸ்டனும் ஹெட் கேஸ்கட்டும் இதற்கு என்ன பதில் சொல்லும்? சூடும் சேர்ந்துகொள்ளும். 27 டிகிரிக் காற்றை 3 மடங்கு அழுத்தினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரில் கூட அது 180 டிகிரியைத் தாண்டும். அந்தக் காற்றைக் குளிர்விக்க நல்ல இன்டர்கூலர் இல்லாமல் உள்ளே விட்டால் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிப்பது, நிச்சயம்.

சூப்பர்சார்ஜரைச் சுற்றிக் காற்றுக்கு மாற்றுவழி திறக்கும் பைபாஸ் வால்வு பற்றி நான் பட்டறிந்ததைச் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவரின் காரில் காற்று போகும் வழியில் முதலில் சூப்பர்சார்ஜர், அடுத்து டர்போ. கீழே அருமையாக இழுத்தது, கிளட்ச் சூப்பர்சார்ஜரைக் கழற்றிவிட்டதும் மூச்சு முட்டியது. டியூனிங்கில்தான் கோளாறு என்று இரண்டு வாரம் எஞ்சின் கம்ப்யூட்டரின் மேப்பை மாற்றிக்கொண்டே இருந்தோம். கடைசியில் எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் பானெட்டைத் திறந்து வைத்து ஓடவிட்டபோதுதான் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவிலிருந்த சிலிக்கான் ஹோஸ் சப்பிப்போய் ஒட்டிக்கொண்டது, காலை எடுத்ததும் டப்பென்று பழையபடி உருண்டது. பைபாஸ் வழி சிறியது. நின்றுபோன சூப்பர்சார்ஜர் வழியாக டர்போ காற்றை உறிஞ்சப் போராடியிருக்கிறது. அகலமான வால்வு போட்டதும் மேலேயும் சீராக இழுத்தது.

பெரிய வி8-ன் இரு பக்கமும் டர்போ, தலையில் ரூட்ஸ் புளோயர் (ஒரு வகை சூப்பர்சார்ஜர்) என்று கட்டுகிறார்கள். பார்க்க அத்தனை அழகு, மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய எஞ்சினுக்குக் கீழே இழுவைக்கு ஏது பஞ்சம்? இந்த உழைப்பு 1 லிட்டர், ஒன்றரை லிட்டர் எஞ்சினுக்குப் போக வேண்டியது. 930 சிசி எஞ்சினில் இரண்டையும் வைத்து 110 குதிரைசக்தி எடுத்த நிஸ்ஸான் மார்ச் சூப்பர் டர்போவைப் பாருங்கள்.

இப்படி பில்ட் செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உச்ச எண்ணை மட்டும் போடாமல் முழு டைனோ கிராஃபையும் போடுங்கள். 2000 ஆர்பிஎம்மில் என்ன இருக்கிறது, கைமாறும் இடத்தில் பள்ளம் விழுகிறதா என்று பார்க்கத்தான் நான் வருகிறேன்.