ஊசிச் செய்தியைப் பகிருமுன் மூச்சைக் கவனியுங்கள்

தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்து, உடல் தளர்ந்துகொண்டே போகும் மோட்டார் நியூரோன் நோய்க்கு ஊசி வந்துவிட்டதாம் என்ற செய்தி வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பொய்யில்லை; ஆனால் பாதிதான். 2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதித்த டொஃபெர்சென் அது. முள்ளந்தண்டு நீருக்குள் 100 மில்லிகிராம்: முதல் மூன்று ஊசியும் இரண்டு கிழமைக்கு ஒன்று, பிறகு 28 நாளுக்கு ஒன்று. பழுதான எஸ்ஓடி1 மரபணுவின் புரதம் உருவாவதைக் குறைக்கிறது. அருமையான வேலை. அந்தப் பழுது நூறு நோயாளரில் ஏறக்குறைய இரண்டு பேருக்குத்தான். பரம்பரையில் இந்த நோய் இருந்தால் நரம்பியல் கிளினிக்கில் மரபணுச் சோதனை பற்றி முதலில் கேளுங்கள், அதற்குமுன் காணியை விற்காதீர்கள்.

எல்லா நோயாளருக்கும் பொதுவான மாத்திரை 1995 முதல் இருக்கும் ரிலுசோல், காலையும் மாலையும் 50 மில்லிகிராம், வெறும் வயிற்றில். ஆயுளில் சில மாதம் கூட்டித் தரும். ஈரல் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

என் கவலை மூச்சைப் பற்றியது. பிரித்தானியாவில் 2006இல் வெளியான ஆய்வில், தொண்டைத் தசை மோசமாகத் தளராதவர்களுக்கு மாஸ்க் வழி மூச்சுக் கருவி நடுத்தரமாக 205 நாள் ஆயுளைக் கூட்டியது. மாத்திரையைவிட அதிகம்! இருந்தும் எங்கள் பக்கம் அதைக் கேட்பவர் குறைவு.

மல்லாந்து படுக்க ஏலாமை, விடியத் தலையிடி, பகலில் தூங்கி விழுதல்: இவை மூச்சுத் தசை தளர்வதன் அறிகுறிகள், வந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். மாஸ்க் கருவியில் வாங்குவது பைபாப், சீபாப் அல்ல. பைபாப் உள்மூச்சுக்குக் கூடிய அழுத்தமும் வெளிமூச்சுக்குக் குறைந்த அழுத்தமும் தரும். சீபாப் ஒரே அழுத்தத்தைத்தான் தரும், தளர்ந்த தசைக்கு உள்மூச்சை இழுத்துக் கொடுக்காது. முதலில் பகலில் பத்து நிமிடம் போட்டுப் பழக்குங்கள். மூக்கெலும்பில் தோல் சிவந்தால் பட்டியைத் தளர்த்துங்கள். மாரி மழைக்குக் கரண்ட் போகும், பற்றறி தனியாக வேண்டும்.

மூச்சு முட்டுகிறதென்று வைத்தியரைக் கேட்காமல் வீட்டில் ஒட்சிசன் சிலிண்டரைத் திறப்பதுதான் பெரிய ஆபத்து. குறைவது தசையின் பலம். ஒட்சிசன் மட்டும் கொடுத்தால் காபனீரொட்சைட்டு உள்ளே தேங்கி, ஆள் அமைதியாக மயங்கிப்போவார். நிம்மதியாகத் தூங்குகிறார் என்றுதான் பக்கத்தில் இருப்பவர் நினைப்பார்.

சாப்பாட்டில், தண்ணிச் சொதி விட்ட சோறும் தேத்தண்ணியில் தோய்த்த பாணும் புரைக்கேறும். நீர் முந்தி ஓடிவிடும், கட்டி பிந்தி நிற்கும். கட்டியாகக் கடைந்த எருமைத் தயிர் பலருக்கு வழுக்கி இறங்கும். நிறை குறையத் தொடங்கியதும் உணவை நேரே வயிற்றுக்குள் செலுத்தும் குழாய் பற்றிக் கேளுங்கள். சுவாசக் கொள்ளளவு, அதாவது ஒரே மூச்சில் ஊதித் தள்ளக்கூடிய காற்று, வழமையின் பாதிக்குக் கீழே போனபின் அந்தக் குழாயைப் போடுவதே ஆபத்தாகிவிடும்.