ஒரு மணி நேரம் கூடவா குடுக்க முடியாது?

அந்த வீடியோவை நேத்திலிருந்து ஆளாளுக்கு இன்பாக்ஸில் அனுப்பிட்டீங்க. பார்த்தாச்சு, போதும். பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிஞ்சு பள்ளிக்கூட வாசலில் கட்டிப்பிடிச்சு அழுதுகிட்டு நின்ன பிள்ளைகளை, "நிக்காதே, கிளம்பு, பேரன்ட்ஸ் வந்தவங்க கூட்டிட்டுப் போங்க"ன்னு போலீஸ் மைக்கில் விரட்டுறாங்களே, அதேதான். அதுக்குக் கீழே சிரிப்பு எமோஜி போட்டவங்களில் என் நண்பர் பட்டியலில் இருக்கிறவங்களும் உண்டு. "நல்லா லாடம் கட்டணும்"னு ஒருத்தர் எழுதியிருந்தார். அவரைப் பத்திக் கடைசியில் பேசிக்கிறேன்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. பன்னிரண்டு வருஷம் ஸ்கூலுக்கு வந்த பிள்ளை "போயிட்டு வர்றேன்"னு சொல்லிட்டுப் போக ஒரு மணி நேரம். பள்ளிக்கூடமே முன்னாடி நின்னு, உள்ளே வச்சு, டீச்சர்களும் கூட இருந்து குடுக்கிற ஒரு மணி நேரம். அவ்வளவுதான்.

ஜூன் மாசம் ஒண்ணாம் வகுப்புல சேர வர்ற குழந்தைகளுக்கு என்ன செய்றோம்? மாலை போடுறோம், சாக்லேட் குடுக்கிறோம், கல்வி அதிகாரி வந்து கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போறார், மறுநாள் பேப்பரில் படம். விஜயதசமிக்கு நெல்லைப் பரப்பி விரலைப் பிடிச்சு அ எழுத வைக்கிறோம். ரொம்ப நல்ல விஷயம், குறையே சொல்லலை. அதே பிள்ளை வெளியே போற அன்னிக்கு வாசலில் யார் நிக்கிறாங்க? காக்கி. உள்ளே வரும்போது மாலை, வெளியே போகும்போது லத்தி. இது யாருக்குமே உறுத்தலையா?

இதில் இன்னொண்ணு இருக்கு, பிளஸ் டூ படிக்கிற பிள்ளை வீட்டில் இல்லாதவங்களுக்குத் தெரியாது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு "கடைசி நாள்"னு ஒரு நாளே கிடையாது. பிப்ரவரியில் ரிவிஷன், அப்புறம் பிராக்டிகல், அதோட ஸ்டடி லீவு. தமிழும் இங்கிலீஷும் எல்லாரும் சேர்ந்து எழுதுவாங்க. அதுக்கப்புறம் குரூப் வாரியா பிரிஞ்சிடும். பயாலஜி பிள்ளை வர்ற அன்னிக்கு காமர்ஸ் பிள்ளை வராது. பல ஊர்ல சொந்தப் பள்ளிக்கூடத்தில் சென்டரே இருக்காது, பக்கத்து ஊர்ல போய் யாரோ உக்காந்த பெஞ்சில் உக்காந்து எழுதணும். பத்து மணிக்குக் கேள்வித்தாள், பத்தே காலுக்கு எழுத ஆரம்பிச்சா ஒண்ணே காலுக்கு மணி அடிக்கும். பேப்பரைப் பிடுங்குவாங்க. முடிஞ்சது பள்ளிக்கூட வாழ்க்கை. அதுவும் அடுத்தவங்க பள்ளிக்கூடத்தில்!

அந்த ஒண்ணே கால் மணிக்கு வெளியே வர்ற பிள்ளை என்ன செய்யும்? பேனாவைத் திறந்து பக்கத்தில் இருக்கிறவ சட்டையில் இங்க் அடிக்கும், துப்பட்டாவில் கையெழுத்து வாங்கும், கட்டிப்பிடிச்சு அழும். நீங்க குடுக்கலைன்னா அதுங்களே எடுத்துக்கும். ரோட்டில்தான் எடுத்துக்கும். அப்புறம் ரோட்டில் நிக்கிறாங்கன்னு விரட்டுவீங்க.

உடனே வருவீங்க, தெரியும். "மேடம், பெஞ்சை உடைச்சாங்களே, ஃபேனை வளைச்சாங்களே, அது?" ஆமா, உடைச்சாங்க. கொரோனாவுக்கு அப்புறம் பள்ளிக்கூடம் திறந்தப்ப, 2022இல், அப்படி வீடியோக்கள் வந்துச்சு. நானும் பார்த்தேன், எனக்கும் வயிறு எரிஞ்சுது. உடைச்சவன் வீட்டில் காசு வாங்குங்க, கண்டிச்சு எழுதி வாங்குங்க. யார் வேண்டாம்னது? ஆனா நேத்து வீடியோவில் எந்தப் பிள்ளை எந்த பெஞ்சை உடைச்சுது? கையில் எக்ஸாம் பேடும் தண்ணி பாட்டிலும் வச்சுக்கிட்டு அழுதுகிட்டு நின்னுதுங்க. எங்கேயோ எவனோ உடைச்ச பெஞ்சுக்கு இதுங்க ஃபைன் கட்டணுமா?

"இங்க் கண்ணில் பட்டா? மூணு பேர் பைக்கில் போய் விழுந்தா?" போலீஸ் சிக்னலில் நின்னு பைக்கைப் பிடிக்கட்டும். அழுற பிள்ளைகிட்ட என்ன வேலை?

டீச்சரா இருக்கிற என் தோழி ஒருத்தி சொன்னதுக்குத்தான் என்னால் சட்டுனு பதில் சொல்ல முடியலை. "உனக்கென்னடி, எழுதிட்டுப் போயிடுவ. அந்த ஒரு மணி நேரத்தில் ஏதாவது ஆச்சுன்னா மெமோ எனக்கு. எவனாவது செல்லில் எடுத்துப் போட்டா என் பேர் நாறும். ஒரு பக்கம் ஹால் சூப்பர்விஷன், மறு பக்கம் பேப்பர் திருத்தப் போகணும், வீட்டில் என் பிள்ளையும் பரீட்சை எழுதுது." நியாயம்தான். நாம டீச்சரை நடத்துற லட்சணத்துக்கு அவங்க பயப்படத்தான் செய்வாங்க. ஆனா அதே தோழிதான் போன வருஷம் தன் கிளாஸ் பிள்ளைங்க போட்டோவை எனக்கு அனுப்பி, "இதுங்களை இனிமே எங்கே பார்ப்பேன்"னு நள்ளிரவில் வாய்ஸ் மெசேஜ் போட்டா. அவளுக்கும் அந்த ஒரு மணி நேரம் வேணும். மெமோ அதைப் பேச விடலை.

எங்க காலத்துக் கதையைச் சொல்றேன். "ஆரம்பிச்சிட்டாங்கய்யா"ன்னு சொல்றவங்க இதோட ஸ்க்ரோல் பண்ணிடுங்க.

நான் படிச்சது பெண்கள் பள்ளி. தொண்ணூறுகளின் கடைசி, ஆயிரத்து இருநூறுக்கு மார்க் போட்ட காலம். பிளஸ் ஒன் பிள்ளைங்க காசு சேர்த்து பிளஸ் டூ அக்காக்களுக்குப் பிரிவுபசார விழா நடத்தணும்ங்கிறது வழக்கம். மிக்சர், ஒரு லட்டு, ரஸ்னா, நடுவில் டீச்சர்களை நாற்காலியில் உக்கார வச்சு குரூப் போட்டோ. நாங்க பிளஸ் ஒன்ல காசு போட்டு, கலர் பேப்பர் ஒட்டி நடத்திக் குடுத்தோம். எங்க முறை வந்தப்ப கேன்சல். முந்தின வருஷம் ஒரு அக்காவோட ஆட்டோகிராஃப் நோட்டில் ஏதோ பையன் பேர் இருந்துச்சாம். அதுக்கு எங்க மொத்த செட்டுக்கும் தண்டனை. விழா கிடையாது, போட்டோவும் கிடையாது.

கடைசி நாள் கெமிஸ்ட்ரி. என் பெஞ்சுக்காரிக்கு பேட் உடைஞ்சு போச்சு, என்கிட்ட இருந்த ரெண்டாவது பேடைக் குடுத்திருந்தேன். ஓரமெல்லாம் பிரிஞ்சு, செல்லோடேப் சுத்தின அட்டை பேட். பரீட்சை முடிஞ்சு வாசலில் வச்சு திருப்பிக் குடுத்தா. அதுக்குள்ளே பி.டி. டீச்சர் விசில் ஊதி, "ம்ம், நடங்க நடங்க"ன்னு விரட்டிட்டாங்க. அவ டவுன் பஸ்ஸுக்கு ஓடினா, நான் இந்தப் பக்கம். வீட்டுக்கு வந்து பார்த்தா பேடோட பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில், "கெமிஸ்ட்ரியில் கண்டிப்பா பாஸாயிருவேன்டி"ன்னு எழுதியிருந்தா.

பாஸானா. பேப்பரில் என் நம்பருக்கு அடுத்த நம்பர் அவளோடது. அதை அவகிட்ட சொல்ல முடியலை, ஏன்னா ரிசல்ட் வர்றதுக்குள்ளேயே நூற்பாலையில் ஹாஸ்டலோட சேர்த்து விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் கல்யாணம்னு கேள்விப்பட்டேன். எந்த ஊர்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவ முகம் பார்க்க ஒரு குரூப் போட்டோகூட என்கிட்ட இல்லை.

இதைத்தான் நான் சொல்ல வர்றேன், ஆம்பளைங்களுக்குப் புரியுமான்னு தெரியலை. பையன்களுக்கு அது கடைசி நாளே கிடையாது. சாயங்காலம் அதே டீக்கடையில் பார்த்துக்குவீங்க. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஃப்ளெக்ஸ் அடிச்சு, மண்டபம் பிடிச்சு, ஒரே கலரில் சட்டை தைச்சு "முன்னாள் மாணவர் சந்திப்பு" நடத்துவீங்க. பொண்ணுங்களுக்கு அப்படியா? பாதிப் பேர் ஊர் மாறி, இனிஷியல் மாறி, வீட்டில் ஒரே போன், அதுவும் புருஷன் கையில். எங்க செட் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறவங்களைவிட "அவ எங்கேன்னு யாருக்காவது தெரியுமா"ன்னு தேடுறவங்கதான் அதிகம். வாசலில் நின்னு அழுற பொண்ணு நடிக்கலை சார். அவளுக்குத் தெரியும், இதில் பாதி முகத்தை இனிமே பார்க்கப் போறதில்லைன்னு.

"இப்பதான் எல்லார் கையிலயும் இன்ஸ்டா இருக்கே"ன்னு சொல்வீங்க. பரீட்சை முடிஞ்ச மறுநாளே போனைப் பிடுங்கி வச்சிடுற வீடு எத்தனைன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

என் மூத்தவ 2021 பேட்ச். பரீட்சையே கிடையாதுன்னு ஜூன் மாசம் அறிவிச்சுட்டாங்க. பத்தாவது மார்க்கில் அம்பது சதவீதம், பதினொண்ணில் இருபது, பிளஸ் டூ பிராக்டிகல், இன்டர்னலில் முப்பதுன்னு கணக்குப் போட்டு மார்க் குடுத்தாங்க. மாஸ்க் போட்டுக்கிட்டு, வட்டத்துக்குள்ளே நின்னு டிசி வாங்கினா. அந்த வருஷம் தைச்ச யூனிஃபார்ம்ல ஒரு செட் மடிப்புகூடக் கலையாம பீரோவில் கிடக்கு. "பரீட்சை இல்லாம பாஸ், குடுத்து வச்சவ"ன்னு சொந்தக்காரங்க சிரிச்சாங்க. அன்னிக்கு அது வியாதி, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. இன்னிக்கு என்ன வியாதி?

அரசாங்கம் எதுவுமே செய்யலைன்னு நான் சொல்லலை, கட்சிக்காரங்க கிளம்பி வர வேண்டாம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் மாசம் ஆயிரம் ரூபாய், நான் முதல்வன், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு எல்லாம் இருக்கு. என் அண்ணன் மகளே அந்த ஆயிரத்தில்தான் பஸ் பாஸும் நோட்டும் வாங்குறா. அந்தப் பிள்ளை அடுத்து எங்கே போகணும்னு அத்தனை யோசிக்கிறவங்க, அது கிளம்புற அன்னிக்கு வாசலில் நின்னு "நல்லா இரு"ன்னு சொல்ல மாட்டோம்னா எப்படி? இதுக்கு பட்ஜெட்டே வேண்டாம். ஸ்டடி லீவுக்கு முந்தின நாள் மதியம், எல்லா குரூப்பும் சேர்ந்து இருக்கிறப்ப, செட்டுக்கு ஒரு போட்டோ, ஆளுக்கு ஒரு லட்டு. பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூப்பிட்டுச் சொல்லுங்க, பெத்தவங்களே வந்து செய்வாங்க. நான் வர்றேன், லட்டு என் செலவு.

இப்ப "லாடம் கட்டணும்" அண்ணன்கிட்ட வர்றேன். அண்ணே, போன மாசம் உங்க மக படிக்கிற ஸ்கூலில் ஃபேர்வெல் நடந்துச்சு. பட்டுப்புடவை, பார்லர் மேக்கப், டிஜே, வாசலில் செல்ஃபி பாயின்ட். "கண் கலங்கிய தருணம்"னு தலைப்பு வச்சுப் படம் படமாப் போட்டிருந்தீங்க. பிள்ளைங்க கட்டிப்பிடிச்சு அழுற படமும் அதில் இருந்துச்சு, ரொம்ப அழகா இருந்துச்சு, ஹார்ட் போட்டேன். அங்கே அழுதா தருணம், இங்கே அழுதா லாடமா? அந்த ஹார்ட்டை எடுக்கலாம்னு நேத்து ராத்திரி போனேன். பொண்ணு முகத்தைப் பார்த்துட்டு விட்டுட்டேன். அவ என்ன பண்ணினா பாவம். உங்களை மட்டும் அன்ஃபிரெண்ட் பண்ணிட்டேன்.